பரிவின் சுமையை யார் சுமப்பது?

(பெங்களூரில் தமிழ்த் தொழிலாளர்களும் மாணவர்களும் பங்கேற்ற கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



விலங்குகளைப் பற்றி ஓர் இடதுசாரி மேடையில் ஒரு மணி நேரம் பேசுவதா என்று சிலர் கேட்டார்கள். விலைவாசி இருக்கிறது, வேலையின்மை இருக்கிறது, தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் இருக்கின்றன. நாய்க்கும் எலிக்கும் இப்போது என்ன அவசரம் என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் 2025ஆம் ஆண்டின் பின்பாதியில் இந்நாட்டில் நடந்தவற்றை வரிசைப்படுத்திப் பாருங்கள்.

ஜூலை மாதம் பெங்களூர் மாநகராட்சி ஒரு திட்டத்தை அறிவித்தது. நாள்தோறும் ஏறத்தாழ 5,000 தெருநாய்களுக்குக் கோழியிறைச்சி கலந்த சோறு வழங்கப்படும். ஆண்டுக்குச் செலவு சுமார் 2.88 கோடி ரூபாய். நாடெங்கும் பாராட்டும் எழுந்தது, கேலியும் எழுந்தது. அடுத்த மாதம் 11ஆம் நாள், தில்லியிலும் சுற்றுப்புறங்களிலும் உள்ள தெருநாய்களைப் பிடித்துக் காப்பகங்களில் அடைக்க வேண்டும், மீண்டும் தெருவில் விடக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. பதினோரு நாள்களில், ஆகஸ்ட் 22 அன்று, அவ்வாணை திருத்தப்பட்டது. கருத்தடை செய்து தடுப்பூசி போட்ட நாய்களைப் பிடித்த இடத்திலேயே விடலாம்; வெறிநோய் கண்டவற்றையும் மூர்க்கமானவற்றையும் விடக்கூடாது என்றானது. நவம்பர் 7 அன்று மற்றோர் ஆணை. பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் ஆகிய இடங்களிலிருந்து நாய்களை அகற்ற வேண்டும், அங்கே திரும்ப விடக்கூடாது என்றது.

ஆறு மாதத்துக்குள் கோழிச் சோற்றிலிருந்து கூண்டு வரைக்கும் போய் வந்தோம். ஒரு சமூகம் தன்னோடு வாழும் உயிர்களைப் பற்றி என்ன நினைக்கிறது என்று அதற்கே தெரியாதபோதுதான் இத்தகைய ஊசலாட்டம் நிகழும். இந்த ஊசல் எந்தப் பக்கம் போனாலும் இடிபடுபவர் ஒருவரே. விடியற்காலை ஐந்து மணிக்குத் துடைப்பத்தோடு தெருவில் இறங்கும் பௌரகார்மிகரும், ஆயத்த ஆடை ஆலைப் பேருந்தைப் பிடிக்க இருட்டில் நடக்கும் பெண்ணும்தான் அவர். ஆகவே இது நம்முடைய பிரச்சினை.

மாறிய மனம்

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்வோம். விலங்குகள் குறித்த பொதுமக்களின் மனம் கடந்த இரண்டு தலைமுறைகளில் மாறியிருக்கிறது; பெரும்பாலும் நல்ல திசையில் மாறியிருக்கிறது.

என் வயதுடையவர்கள் கல்லூரியில் விலங்கியல் படித்தபோது, மெழுகுத் தட்டில் தவளையைக் குண்டூசியால் அறைந்து நான்கு கால்களையும் விரித்து வைத்து அறுத்தோம். அதில் கேள்வி கேட்க என்ன இருக்கிறது என்றே எவருக்கும் தோன்றவில்லை. 2014இல் பல்கலைக்கழக மானியக் குழு அந்த வழக்கத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது. அதே ஆண்டு அழகுசாதனப் பொருள்களை விலங்குகள் மேல் சோதிப்பதையும், அப்படிச் சோதித்த பொருள்களை இறக்குமதி செய்வதையும் இந்தியா தடை செய்தது. இன்று அந்தத் தவளையைப் பற்றிச் சொன்னால் என் பேத்தி முகம் சுளிக்கிறாள். அந்தச் சுளிப்பில் ஒரு முன்னேற்றம் இருக்கிறது.

வளர்ப்பு விலங்குகளின் நிலையும் மாறிவிட்டது. நம் ஊர்களில் நாய்க்குத் திண்ணைக்கு வெளியேதான் இடம். மீந்த சோறுதான் உணவு. இன்றைய பெங்களூரில் நாய்க்குப் பிறந்தநாள் கொண்டாடுகிறார்கள். அதற்கெனத் தனி உணவகம், தனி மருத்துவமனை, தனித் தகன மேடை எல்லாம் வந்துவிட்டன. இதைக் கண்டு சிரிப்பது எளிது. ஆனால் காரணத்தைப் பார்க்க வேண்டும். ஊரையும் உறவையும் விட்டு வந்து, பதினான்காம் மாடியில் கணினித் திரையின் முன் பன்னிரண்டு மணி நேரம் உழைக்கும் இளைஞனுக்குக் கதவைத் திறந்ததும் ஓடிவந்து வாலாட்டும் உயிர் ஒன்று தேவைப்படுகிறது. மனித உறவுகளைக் கடையில் விற்கும் பொருளாக்கிவிட்ட சமூகத்தில், விலைக்கு வாங்கப்படாத அன்பைத் தேடும் தவிப்பு அது. அந்தத் தவிப்பையும் சந்தை விட்டு வைக்கவில்லை. உயர்ந்த இனம் என்று பெயர் சூட்டி ஒரு குட்டியைப் பல்லாயிரம் ரூபாய்க்கு விற்கிறது. கொரோனா முடக்கத்தின்போது ஆசையாக வாங்கப்பட்டு, அலுவலகம் திறந்ததும் தெருவில் விடப்பட்ட சாதி நாய்களை இந்நகரம் பார்த்தது.

எனக்குத் தெரிந்த வீட்டுப் பணியாளர் ஒருவர் இங்கே ஓர் அடுக்ககத்தில் பதினொரு ஆண்டுகள் வேலை பார்த்தார். அந்த வீட்டு நாயைக் குளிப்பாட்டுவதும் நடைக்குக் கூட்டிப் போவதும் அவர் பொறுப்பு. நாயோடு போகும்போது முதன்மை மின்தூக்கியில் போகலாம். தனியாகப் போனால் பின்பக்கத்துச் சரக்கு மின்தூக்கியில்தான் போக வேண்டும். அந்த நாய்க்குச் சிறுநீரகக் கோளாறு வந்தபோது ஓராண்டில் செலவான தொகை, அவருடைய ஓராண்டுச் சம்பளத்தை விட அதிகம். இதை அவர் என்னிடம் சொன்னபோது, "அந்த நாய் மேல எனக்குக் கோபமே இல்ல, அண்ணா. அது செத்த அன்னைக்கு நான் ரெண்டு நாள் சாப்பிடல. எனக்குக் காய்ச்சல் வந்த நாலு நாளைக்குச் சம்பளம் புடிச்சாங்க பாருங்க, அந்தக் கணக்கு மேலதான் கோபம்" என்றார்.

தோழர்களே, இன்று நான் பேச வந்ததை அவர் நான்கு வரியில் சொல்லிவிட்டார். நாயின் மேல் காட்டப்படும் பரிவு தவறன்று. பரிவுக்கும் கூலிக்கும் இடையே கணக்கு எழுதும் கை எது என்பதே கேள்வி.

உழைப்பாளரின் மரபு

விலங்கின் மேல் இரங்குவது வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு என்று நம்மிலேயே சிலர் எண்ணுகிறார்கள். வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது.

1903இல் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் மாணவர்கள் முன்னிலையில் ஒரு பழுப்பு நாய் அறுக்கப்பட்டது. முறையாக மயக்க மருந்து கொடுக்கப்பட்டதா என்பதில் பெரும் சர்ச்சை எழுந்தது, வழக்கும் நடந்தது. அந்த நாய்க்கு 1906இல் ஒரு சிலை எழுப்பினார்கள். செல்வர்கள் வாழ்ந்த பகுதியில் அன்று. பேட்டர்சீ என்னும் தொழிலாளர் குடியிருப்பில். மறு ஆண்டு மருத்துவ மாணவர்கள் அந்தச் சிலையை உடைக்கத் திரண்டு வந்தபோது, அதைக் காத்து நின்றவர்களில் தொழிற்சங்கத்தினரும் வாக்குரிமைக்குப் போராடிய பெண்களும் இருந்தனர். அவர்கள் ஏன் ஒரு நாயின் சிலைக்காக நின்றார்கள்? தரும மருத்துவமனைகளில் ஏழைகளின் உடல் எப்படிப் பாடப் பொருளாக ஆக்கப்பட்டது என்பதை அவர்கள் அறிவார்கள். மேசை மேல் கட்டப்பட்ட அந்த நாயில் தங்களையே பார்த்தார்கள்.

1917 டிசம்பரில் பிரெஸ்லாவ் சிறையிலிருந்து ரோசா லக்சம்பர்க் எழுதிய கடிதம் ஒன்றைத் தோழர்கள் அறிந்திருப்பீர்கள். ருமேனியாவிலிருந்து போர்க் கொள்ளையாகப் பிடித்து வரப்பட்ட எருமைகள் பாரவண்டியில் பூட்டப்பட்டுச் சிறை முற்றத்துக்குள் வருகின்றன. படைவீரன் ஒருவன் சாட்டைக் காம்பால் அடிக்கிறான். ஓர் எருமையின் தடித்த தோல் கிழிந்து இரத்தம் ஒழுகுகிறது. அந்த விலங்கின் கண்களைப் பார்த்து ரோசா அழுதார். ஏகாதிபத்தியப் போரை எதிர்த்துச் சிறையிலிருந்த அந்தப் புரட்சியாளருக்கு, எருமையின் காயமும் படைவீரனின் மரத்துப்போன மனமும் அதே போரின் விளைவுகளாகவே தெரிந்தன.

அமெரிக்காவில் அழகுசாதன நிறுவனங்கள் முயலின் கண்ணில் இரசாயனங்களை ஊற்றிச் சோதிப்பதை எதிர்த்து 1980இல் பெரும் இயக்கம் நடத்திய ஹென்றி ஸ்பைரா யார் தெரியுமா? கப்பல் தொழிலாளி, தொழிற்சங்கத்தின் உட்கட்சி ஜனநாயகத்துக்காகப் போராடியவர், சோசலிச இயக்கத்தில் பயின்றவர். முதலாளிகளோடு பேரம் பேசுவதற்குத் தொழிற்சங்கத்தில் கற்றுக்கொண்ட உத்திகளையே அவர் முயல்களுக்காகப் பயன்படுத்தினார்.

ஆகவே இந்த மரபில் நமக்கும் பங்கு உண்டு. அதை யாருக்கும் எழுதிக் கொடுத்துவிட வேண்டியதில்லை.

சட்டம் வந்த வழி

நம் நாட்டில் இதற்கான சட்டத்துக்கு வித்திட்டவர் ஒரு தமிழ்ப் பெண்மணி. மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக இருந்த ருக்மிணி தேவி அருண்டேல் 1953இல் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அரசே சட்டம் இயற்றும் என்று பிரதமர் நேரு உறுதி கூறியதால் அதைத் திரும்பப் பெற்றார். அதன் விளைவே 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம். மனிதரையோ விலங்கையோ தாவரத்தையோ காக்கும் அறிவை வளர்ப்பதற்கான சோதனைகளை அச்சட்டம் அனுமதித்தது. அவற்றைக் கண்காணிக்க ஒரு குழு அமைக்கவும் வழி செய்தது. 1998இல்தான் அதற்கான விரிவான விதிகள் வந்தன. ஆய்வு நிறுவனம் ஒவ்வொன்றிலும் விலங்கு நெறிமுறைக் குழு இருக்க வேண்டும், சோதனைக்கு அதன் ஒப்புதல் வேண்டும் என்பது அதன்பிறகே நடைமுறைக்கு வந்தது.

இதே சட்டத்தில், விலங்கை வதைப்பவருக்கு முதல் குற்றத்துக்கான தண்டம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. தலைமுறைகள் கடந்தும் அந்தத் தொகை மாறவில்லை. பரிவைப் பற்றி நாடாளுமன்றத்தில் எத்தனை உரைகள் நிகழ்ந்தாலும், அரசு அதற்குப் போட்ட விலை இன்று ஒரு வேளைச் சிற்றுண்டிக்குக் கூடக் காணாது.

அறிவியல் காட்டிய வழி

இனி, நாம் நேர்மையாக எதிர்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று. ஆய்வுக்கூடத்தில் விலங்கு படும் துன்பத்தால் மனிதகுலம் பயன் பெற்றிருக்கிறதா? பெற்றிருக்கிறது. இதை மறைத்துப் பேசுவது அறிவியலுக்கும் துரோகம், அந்த விலங்குகளுக்கும் துரோகம்.

நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று நம் வீடுகளில் பயமுறுத்துவார்கள். அது வெறும் கதையன்று. ஆட்டின் மூளையில் வெறிநோய்க் கிருமியை வளர்த்துச் செய்யப்பட்ட தடுப்பூசி அது. 1907இல் தொடங்கப்பட்ட குன்னூர் பாஸ்டர் நிறுவனம் அதைத் தயாரித்து எத்தனையோ உயிர்களைக் காத்தது. அதே ஊசி ஒரு சிலருக்கு நரம்புத் தளர்ச்சியையும் வாதத்தையும் உண்டாக்கியது. பின்னர், உயிரணுக்களை ஆய்வுக்கூடத்தில் வளர்த்து அவற்றில் தடுப்பூசி தயாரிக்கும் முறை வந்தது. 2004இன் இறுதியோடு ஆட்டு மூளைத் தடுப்பூசி இந்தியாவில் நிறுத்தப்பட்டது. இப்போது தோளில் நான்கைந்து ஊசிகள் போதும். ஆடுகள் பிழைத்தன, கடிபட்டவருக்கும் மேலான மருந்து கிடைத்தது.

இன்சுலினை எடுத்துக்கொள்வோம். 1921இல் டொராண்டோவில் நாய்களின் மேல் நடந்த சோதனைகளில் பிறந்தது அது. பல்லாண்டுகள் மாட்டின் கணையத்திலிருந்தும் பன்றியின் கணையத்திலிருந்தும் எடுக்கப்பட்டது. மரபணுத் தொழில்நுட்பம் வந்தபின் நுண்ணுயிர்களே மனித இன்சுலினைச் சுரக்கத் தொடங்கின. 2004இல் இதே பெங்களூரில் பயோகான் நிறுவனம் ஈஸ்டின் துணையோடு அதைத் தயாரித்து விற்பனைக்குக் கொண்டுவந்தது.

மூன்றாவது எடுத்துக்காட்டு நம் உழவுத் தொழிலாளர்களுக்கு மிக நெருக்கமானது. இந்தியாவில் பாம்புக்கடியால் ஆண்டுதோறும் சராசரியாக 58,000 பேர் இறக்கின்றனர் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. களத்துமேட்டிலும் வரப்பிலும் வெறுங்காலோடு நடப்பவர்களே இவர்களில் மிகப் பெரும்பாலோர். இதற்கான ஒரே மருந்து எப்படி வருகிறது? சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் 1978இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத் தொழிலாளர்கள் நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றைப் பிடித்து நஞ்செடுத்து, மீண்டும் காட்டில் விடுகிறார்கள். அந்த நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரையின் உடலில் செலுத்தி, அதன் குருதியிலிருந்து முறிமருந்து பிரிக்கப்படுகிறது. இருளரின் துணிவும் குதிரையின் குருதியும் சேர்ந்துதான் ஒரு நாற்று நடும் பெண்ணைக் காப்பாற்றுகின்றன.

இந்த முறையை மாற்ற முடியுமா? பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் நஞ்சு ஆய்வாளர்கள் அமெரிக்க ஆய்வாளர்களோடு சேர்ந்து, பாம்பு நஞ்சின் முக்கியமான ஒரு நச்சு வகையை முறிக்கும் செயற்கை எதிர்ப்பொருள் ஒன்றை உருவாக்கியிருப்பதாக 2024இல் அறிவித்தார்கள். குதிரை தேவையில்லை. அந்த எதிர்ப்பொருளின் ஆற்றலைச் சுண்டெலிகளில்தான் சோதித்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வழி நீளமானது, ஒரே நாளில் கடக்கக் கூடியதன்று.

இம்மூன்றும் ஒரே பாடத்தைக் கற்பிக்கின்றன. விலங்கின் துன்பத்தைப் பெருமளவில் குறைத்தது மேலான அறிவியல். அதே அறிவியல்தான் மனிதருக்கும் மேலான மருந்தைத் தந்தது. மனிதனா விலங்கா என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் கேள்வியே பல இடங்களில் பொய்க் கேள்வி. பணமும் காலமும் செலவிட்டு மாற்று வழி காண யார் முன்வருவார் என்பதே மெய்யான கேள்வி.

அங்கேதான் நம் அரசியல் நுழைகிறது. 2008 ஜனவரியில் குன்னூர் பாஸ்டர் நிறுவனம், கிண்டி பி.சி.ஜி. ஆய்வகம், கசௌலி மத்திய ஆராய்ச்சி நிறுவனம் ஆகிய மூன்று பொதுத்துறைத் தடுப்பூசி நிலையங்களின் உரிமத்தையும் மத்திய அரசு நிறுத்திவைத்தது. தரம் போதாது என்றார்கள். தரத்தை உயர்த்தப் பணம் ஒதுக்க வேண்டியவர்களே அதைச் சொன்னார்கள். இடதுசாரிகளும் மக்கள் நல்வாழ்வு இயக்கங்களும் போராடிய பின், 2010இல் அந்தத் தடை விலக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் சந்தை தனியாருடையதாயிற்று. பொது ஆய்வகத்தை முடக்கிவிட்டு, விலங்கில்லாச் சோதனை முறைகளை யார் கண்டுபிடிப்பார்கள்? கண்டுபிடித்தாலும் காப்புரிமை யாரிடம் இருக்கும்?

இரண்டு எச்சரிக்கைகள்

2023 மார்ச்சில் மத்திய அரசு மருந்துச் சோதனை விதிகளைத் திருத்தியது. விலங்குச் சோதனைக்கு மாற்றாக, மனித உயிரணுக்களைக் கொண்டு செய்யப்படும் சில்லுகள் முதலான நவீன முறைகளையும் ஏற்கலாம் என்றது. வரவேற்போம். ஆனால் விழிப்போடு வரவேற்போம். விலங்கின் மேலிருந்து இறக்கப்படும் சுமை ஏழை மனிதனின் தோளில் ஏற்றப்படக்கூடாது.

2009இல் ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி ஆய்வு ஒன்று நடந்தது. பள்ளிச் சிறுமியருக்கு, அவர்களில் பலர் பழங்குடியினருக்கு, ஊசி போடப்பட்டது. பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்களே பல படிவங்களில் ஒப்புதல் கையெழுத்திட்டிருந்தனர். ஏழு சிறுமியர் இறந்தனர். அம்மரணங்களுக்குத் தடுப்பூசி காரணம் அல்ல என்று விசாரணைக் குழு கூறியது. ஆனால் ஒப்புதல் பெற்ற முறையை நாடாளுமன்ற நிலைக்குழு 2013இல் கடுமையாகக் கண்டித்தது. அந்தத் தடுப்பூசி பயனுள்ளதே. நம் பெண் பிள்ளைகளுக்குத் தேவையானதே. கேட்காமல் உடலை எடுத்துக்கொண்டதுதான் குற்றம். விலங்கு ஆய்வுக்கே நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும் என்று 1998இலேயே விதி செய்த நாட்டில், விடுதிச் சிறுமிக்கு இருந்த பாதுகாப்பு அவ்வளவுதான்.

இரண்டாவது எச்சரிக்கை. விலங்கின் மேல் பரிவு இருந்தால் மனிதர் மேலும் பரிவு தானாக வந்துவிடும் என்று நம்பக்கூடாது. ஜெர்மனியில் நாஜிகள் 1933 நவம்பரிலேயே விரிவான விலங்குப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்து, விலங்குச் சோதனைகளுக்குக் கட்டுப்பாடு விதித்தார்கள். சில ஆண்டுகளில் வதைமுகாம்களில் மனிதர்களை வைத்துச் சோதனை நடத்தினார்கள். நம் நாட்டில் பசுவின் பெயரால் என்ன நடக்கிறது என்பதற்கு 2015இல் தாத்ரியில் அடித்துக் கொல்லப்பட்ட அக்லாக் சாட்சி. கர்நாடகத்தில் 2020இல் அன்றைய பா.ஜ.க. அரசு கொண்டுவந்த கால்நடை வதைத் தடைச் சட்டம், கறவை வற்றிய மாட்டை விற்க வழியில்லாமல் சிறு விவசாயியை நிறுத்தியது. அந்த மாட்டுக்குத் தீவனம் போட அரசு வந்து நிற்கவில்லை. ஓர் உயிரைக் காட்டி இன்னோர் உயிரை வேட்டையாடுவதற்குப் பரிவு என்று பெயரில்லை.

தெருவுக்குத் திரும்புவோம்

தொடங்கிய இடத்துக்கு வருகிறேன். 2007இன் தொடக்க மாதங்களில் இந்நகரில் தெருநாய்கள் கடித்து இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். எளிய குடும்பத்துக் குழந்தைகள். மதில் கட்டிய வளாகத்துக்குள் விளையாடும் குழந்தைகளுக்கு அப்படி நேர்வதில்லை. உடனே நாய்களைக் கூட்டம் கூட்டமாகப் பிடித்தார்கள், கொன்றார்கள்; எதிர்ப்பு வந்ததும் நிறுத்தினார்கள். இறைச்சிக் கழிவும் குப்பையும் தெருவோரத்தில் குவிந்தபடியே இருந்தன.

2024இல் நாட்டில் 37 லட்சத்துக்கும் மேற்பட்ட நாய்க்கடிகள் பதிவாயின. வெறிநோயால் ஆண்டுக்குச் சுமார் 5,700 பேர் இறப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு மதிப்பிடுகிறது. ஒவ்வொன்றும் தடுக்கக்கூடிய சாவு. "நாய்களை நேசிப்பவர்கள்" என்றும் "நாய்களை வெறுப்பவர்கள்" என்றும் மக்களை இரண்டாகப் பிரித்துத் தொலைக்காட்சியில் சண்டையிட வைப்பவர்கள், இந்தச் சாவுகளுக்குப் பொறுப்பான மூன்றாவது தரப்பை, அதாவது அரசை, மேடையேற்றுவதே இல்லை.

அந்தச் சண்டையில் ஏழை மக்களை நாய்களின் எதிரிகளாகச் சித்திரிப்பதும் பொய். இரவுக் காவலாளியின் துணை யார்? ஆட்டோ நிறுத்தத்தில் வறுக்கி ரொட்டியின் பாதியை யாருக்குப் பிய்த்துப் போடுகிறார்கள்? தெருநாயை அதிகம் அஞ்ச வேண்டியவரும், அதனோடு அதிகம் பழகியவரும் ஒரே மனிதர்தான்.

வழி இல்லாமல் இல்லை. நாய்களில் பத்துக்கு ஏழுக்குத் தொடர்ந்து தடுப்பூசி போட்டால் வெறிநோய்ச் சங்கிலி அறுந்துவிடும் என்பது அறிவியல் கண்ட உண்மை. கோவா அதைச் செய்து காட்டியது. 2021இல் வெறிநோய் கட்டுப்படுத்தப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டது. பெங்களூரிலும் முயற்சி பலன் தந்திருக்கிறது. 2019இல் 3.10 லட்சமாக இருந்த தெருநாய்கள் 2023 கணக்கெடுப்பில் 2.79 லட்சமாகக் குறைந்தன. அவற்றில் எழுபது விழுக்காட்டுக்கு மேல் கருத்தடை செய்யப்பட்டிருந்தன. நிதானமான, ஆண்டுதோறும் விடாமல் செய்யும் பொதுப்பணியின் விளைவு இது. கோழிச் சோறும் கூண்டும் தலைப்புச் செய்தியாகும். இந்த வேலை ஆகாது. ஆனால் உயிரைக் காப்பது இந்த வேலைதான்.

ஆய்வுக்கூடத்தையும் வீட்டையும் இணைக்கும் நிகழ்வு ஒன்றும் இந்நகரில் நடந்திருக்கிறது. மருந்துச் சோதனைக்குப் பயன்படுத்தப்பட்ட நூற்றுக்கு மேற்பட்ட பீகிள் நாய்களை 2016இல் கூபா என்னும் தொண்டு அமைப்பு பெற்று, வீடுகளில் வாழவைத்தது. கூண்டின் கம்பித் தரையையே அறிந்திருந்த கால்கள் புல்லை மிதித்தன. நல்ல செயல்; பாராட்டுவோம். ஆனால் சோதனை முடிந்த விலங்கின் மறுவாழ்வு ஒரு தொண்டு அமைப்பின் ஓடியாடித் திரட்டும் நன்கொடையில் தொங்கக்கூடாது. அந்தச் சோதனையால் இலாபம் பெற்றவரின் கணக்கில் அது ஏற வேண்டும்.

நாம் கேட்பவை

ஆகவே நம் கோரிக்கைகளைத் தெளிவாகச் சொல்வோம்.

ஒவ்வொரு வார்டிலும் மாநகராட்சியின் சொந்தக் கால்நடை மருத்துவமனை வேண்டும். கருத்தடையும் தடுப்பூசியும் ஒப்பந்தக்காரரிடம் விடப்படும் வேலையாக இல்லாமல் நிரந்தரப் பொதுப்பணியாக வேண்டும். நாய் பிடிக்கும் பணியாளருக்கு முன்கூட்டிய தடுப்பூசியும் பணிப் பாதுகாப்பும் வேண்டும்.

நாய்க்கடிக்கும் பாம்புக்கடிக்குமான மருந்து ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் எந்நேரமும் இலவசமாகக் கிடைக்க வேண்டும். பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாகக் கர்நாடகம் 2024 பிப்ரவரியில் ஆக்கியது. தமிழ்நாடும் அதே ஆண்டு பின்தொடர்ந்தது. அறிவித்தால் மட்டும் போதாது. மருந்தும் இருக்க வேண்டும்.

பொதுத்துறைத் தடுப்பூசி நிறுவனங்களுக்குப் போதிய நிதி வேண்டும். விலங்கில்லாச் சோதனை முறைகளுக்கான ஆய்வு பொதுப் பணத்தில் நடந்து, அதன் பயன் பொதுச் சொத்தாக இருக்க வேண்டும்.

ஆய்வுக்கூட விலங்குகளைப் பராமரிக்கும் தொழிலாளருக்கு நிரந்தர வேலையும் பயிற்சியும், தவறு கண்டால் அச்சமின்றிச் சொல்லும் உரிமையும் வேண்டும். கூண்டுக்குள் நடப்பதை முதலில் அறிபவர் அவர். நாளைக்கு வேலை இருக்குமா என்று அஞ்சுபவரால் எலிக்காகவும் பேச முடியாது, தனக்காகவும் பேச முடியாது.

வீட்டில் நாயைப் பேணும் பெண்ணுக்குக் குறைந்தபட்சக் கூலியும் வார விடுப்பும் நோய்க்கால ஊதியமும் வேண்டும். முதன்மை மின்தூக்கியில் போகும் உரிமையும் வேண்டும்.

தோழர்களே, இரங்குவதற்கு மனிதமனம் ஒருபோதும் தயங்கியதில்லை. அந்த வீட்டுப் பணியாளர் தன் பசியிலும் ஒரு நாய்க்காக இரண்டு நாள் உண்ணாதிருந்தார். அவருடைய பரிவு இலவசமாக எடுத்துக்கொள்ளப்பட்டது. அவருடைய காய்ச்சலுக்குக் கூலி பிடிக்கப்பட்டது. இந்தக் கணக்கைத் திருத்தி எழுதுவதற்காகத்தான் நாம் சங்கமாகக் கூடியிருக்கிறோம். அது திருத்தப்படும் நாளில் ஆய்வுக்கூடத்து முயலுக்கும், தெருவோரத்து நாய்க்கும், கழனியில் இறங்கும் பெண்ணுக்கும் சேர்ந்தே விடியும்.